வேட்டி கார்டு

ஆதிலட்சுமி: செவப்பு வேணாம்னா வேணாங்க. தீயணைப்பு வண்டி மாதிரி இருக்கும்.

வைத்திலிங்கம்: கறுப்பு வண்டிக்குச் செவப்பு சீட் கவருதான் எடுப்பு. தம்பி, நீ சொல்லுப்பா… கடைக்காரன் நீ.

வேணு: உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்னாத்தச் சொல்றது சார்… காப்பிக் கலர் ஒண்ணு உள்ள இருக்குது. எடுத்தாரவா?

ஆதிலட்சுமி: அது! அதத்தான் நான் மனசுல நெனச்சுகினு இருந்தேன்.

வைத்திலிங்கம்: பாக்காமயே?

ஆதிலட்சுமி: உங்களக்கூட பாக்காமத்தான் கட்டிகினேன். கெட்டா போச்சு?

வைத்திலிங்கம்: …காப்பிக் கலரே போடுப்பா.

வேணு: சரிங்க சார். வண்டி எப்ப எடுத்தீங்க? சீட்டுல பிளாஸ்டிக்குகூட பிரிக்கல.

வைத்திலிங்கம்: காலைலதான். பூஜை போட்டு நேரா உன் கடைக்குத்தான் வர்றோம். மாலைகூட வாடல பாரு.

வேணு: பையனுக்குங்களா?

ஆதிலட்சுமி: ஏன்? எங்களப் பாத்தா வண்டியில போறவங்க மாதிரி தெரியலியா?

வேணு: ஐயய்யோ, அப்படி இல்லம்மா… சரி, உங்களுக்குத்தான்னா மொதல்ல சாரி கார்டு. கம்பெனிக்காரன் குடுக்கறது சின்னது. சேலை பறந்து சக்கரத்துல சிக்கிச்சின்னா வம்பு. பெருசா ஒண்ணு மாட்டிடறேன். நீங்க ஒருபக்கமா ஒக்காருவீங்களா, ரெண்டு பக்கமும் கால் போட்டா?

ஆதிலட்சுமி: யாரு, நானா?

வேணு: ஆமாம்மா. பின்னால.

வைத்திலிங்கம்: தம்பி… வேற ஏதாவது காட்டேன்…

ஆதிலட்சுமி: நீங்க சும்மா இருங்க. தம்பி, சாரி கார்டு வேணாம்ப்பா. வேட்டி கார்டு இருந்தா போடு.

வேணு: வேட்டி கார்டா? அப்படி ஒண்ணு…

ஆதிலட்சுமி: பின்னால ஒக்காரப் போறவரு இதோ நிக்கறாரு. ரிடையர் ஆனா பேண்ட்டே போட மாட்டேன், வேட்டிதான்னு சபதம் எடுத்திருக்காரு. அது சிக்காம இருக்கணும் இல்ல?

வேணு: அப்ப… ஓட்டறது?

வைத்திலிங்கம்: என்னை ஏன்ப்பா பாக்கற? அவதான்.

வேணு: அம்மாவா? கியர் வண்டியா?

ஆதிலட்சுமி: ஷோரூம்லேர்ந்து இங்க வரைக்கும் யாரு ஓட்டிகினு வந்தான்னு நெனச்ச? வெளிய கொண்டாந்து நிறுத்தறப்பவே நீ கவனிக்கலியா?

வேணு: சாருதான் ஓட்டி வந்திருப்பாருன்னு… தப்பா நெனச்சுக்காதீங்க சார், உங்களுக்கு முட்டி வலியா?

வைத்திலிங்கம்: முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்குது. எனக்கு டூவீலர் வராது.

வேணு: வராதுன்னா?

ஆதிலட்சுமி: வராதுன்னா வராது. சைக்கிளே வராது. கல்யாணம் ஆன புதுசுல நான் பின்னால புடிச்சுகினு ஓட ஓட, நேரா கோலமாவுக்காரி மேல வுட்டாரு. தெரு முழுக்க வெள்ளை மாவு.

வைத்திலிங்கம்: அந்தம்மா குறுக்க வந்துது.

ஆதிலட்சுமி: அது ஓரமா ஒக்காந்துகினு இருந்துது!

வேணு: சாரு நிலக்கரி மைன்ஸ்லதான? அங்க என்னா வேலை?

வைத்திலிங்கம்: பக்கெட் வீல் மெஷின்… ஆப்பரேட்டர்.

வேணு: அடேங்கப்பா! அந்த ராட்சச மெஷினா? மண்ணு வெட்டறது? ஒரு வூட்டயே அள்ளிடுமே… அத ஓட்டறவருக்கு பைக் வராதா?

வைத்திலிங்கம்: அது தானா நிக்கும்ப்பா. இதை நாம இல்ல நிக்க வைக்கணும்.

ஆதிலட்சுமி: இதே பதில்தான், எத்தனை வருசமா… வேலைக்குப் போனது ஷிப்ட் பஸ்ஸு. மார்க்கெட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணங்காட்சிக்கு எல்லாம் என் மொபெட்டு. பின்னால பையைக் கட்டிப் புடிச்சுகினு ஒக்காந்திருப்பாரு. கூட வேலை செய்யறவங்க வச்ச பேரு தெரியுமா? பின்சீட்டு வைத்தி.

வைத்திலிங்கம்: கடையில வந்து சொல்லணுமா இதெல்லாம்…

வேணு: சார், எனக்கு இப்ப உங்களை ரொம்பப் புடிச்சிருக்கு. சரி, நீங்க எங்கம்மா கத்துகினீங்க?

ஆதிலட்சுமி: குறிஞ்சிப்பாடியில. எங்க அண்ணன் மத்தியானம் சாப்புட்டுத் தூங்குவாரு. அவரு வண்டிய தெரு முனை வரைக்கும் சத்தம் வராம தள்ளிகினு போயி, அங்க உதைச்சு ஸ்டார்ட் பண்ணுவேன். வாய்க்கா ஓரமா ஒரு ரவுண்டு. பாவாடைய வரிஞ்சு கட்டிகினு… அப்புறம் கல்யாணம், மொபெட்டு, ஸ்கூட்டி. கியர் வண்டி மேல இருந்த ஆசை மட்டும் போவல.

வைத்திலிங்கம்: ரிடையர் ஆவறப்ப உனக்கு என்னா வேணும்னு கேட்டேன்ப்பா. சங்கிலி, வளையல்னு சொல்லுவான்னு பாத்தா… கியர் வண்டின்னா.

ஆதிலட்சுமி: கேட்டவுடனே சரின்னாரு. அதையும் சொல்லணும் இல்ல.

வேணு: அப்ப இன்னைக்கு ராஜ மரியாதை. வாங்க, ஒண்ணொண்ணா பாக்கலாம். சாருக்கு முதுகு சாய்க்க பேக் ரெஸ்ட். இது சின்னது, இது பெருசு.

வைத்திலிங்கம்: பெருசு.

ஆதிலட்சுமி: பெருசுன்னா தூங்கிடுவாரு.

வைத்திலிங்கம்: தூங்கினா உனக்கு நிம்மதிதான?

ஆதிலட்சுமி: தூங்கி என் முதுகுல சாய்ஞ்சீங்கன்னா? வண்டி முன்னால போவாது, கீழதான் போவும். சின்னது போடுப்பா.

வேணு: ஹெல்மெட்டு… அம்மா, இதப் போட்டுப் பாருங்க.

ஆதிலட்சுமி: ஏறலியே.

வேணு: கொண்டை இடிக்குதும்மா.

ஆதிலட்சுமி: இரு, பூவ எடுத்துடறேன்… இந்தாங்க, புடிங்க. கொண்டைய அவுத்துப் பின்னல் போட்டா… ஆங். எப்படி இருக்கேன்?

வைத்திலிங்கம்: விண்வெளிக்குப் போறவ மாதிரி.

ஆதிலட்சுமி: என்னா? கேக்கல!

வைத்திலிங்கம்: நல்லா இருக்கன்னு சொன்னேன்!

ஆதிலட்சுமி: கேக்கவே மாட்டேங்குது. தம்பி, இதுவே குடு. இது நல்ல ஹெல்மெட்டு.

வேணு: பேசறதுக்கு இன்டர்காம் இருக்குதும்மா. ரெண்டு ஹெல்மெட்டுலயும் மாட்டிட்டா, வண்டியில போயிகினே பேசிக்கலாம்.

வைத்திலிங்கம்: அது வேணும். கண்டிப்பா வேணும்.

ஆதிலட்சுமி: வேணவே வேணாம். 'லெஃப்ட்ல போ, பிரேக் புடி, மாடு வருது, நாய் வருது'… காதுக்குள்ளயே ஒக்காந்துகினு சொல்லுவாரு. தம்பி, ஸ்டிக்கர் அடிப்பியா?

வேணு: அடிப்பேன். பேரு போடணுமா?

ஆதிலட்சுமி: என் ஹெல்மெட்டு பின்பக்கம், அவரு கண்ணுக்கு நேரா… 'ஓட்டுநருடன் பேசாதீர்'.

வேணு: ஹா… சார், அடிச்சிடவா?

வைத்திலிங்கம்: அடி. ஆனா இன்டர்காமும் மாட்டு. எனக்கு ஒரு அவசரம் இருக்குது.

ஆதிலட்சுமி: என்னா அவசரம்?

வைத்திலிங்கம்: பொதுவா சொன்னேன்…

வேணு: சரி சரி, ரெண்டும் போட்டுடலாம். சாரு எப்ப ரிடையர்மெண்டு?

வைத்திலிங்கம்: இந்த மாசக் கடைசி.

வேணு: அப்ப மைன்ஸ்ல குடுத்த குவார்ட்டர்ஸ் வூடு?

வைத்திலிங்கம்: காலி பண்ணணும். பையன் பெங்களூர்ல இருக்கான். பிரவின்குமாரு. அங்கதான் போறோம்.

ஆதிலட்சுமி: ஆமா. பேரன் இருக்கான். அவனப் பாத்துகினு இருக்க வேண்டியதுதான்.

வைத்திலிங்கம்: இவளுக்கு ரொம்ப ஆசை.

ஆதிலட்சுமி: அவருக்குத்தான் ஆசை.

வேணு: அப்ப இந்த வண்டி?

வைத்திலிங்கம்: பார்சல்ல… ரயில்ல போட்டு அனுப்பிடறது.

ஆதிலட்சுமி: ஆமா, ரயில்ல.

வேணு: அப்ப பெங்களூருக்குத் தோதா பாக்கணும். டிராஃபிக்குதான் அங்க. சின்னதா மொபைல் ஹோல்டர், சின்னதா…

வைத்திலிங்கம்: பனி லைட்டு இருக்குதா தம்பி? மஞ்சளா அடிக்குமே.

வேணு: ஃபாக் லைட்டா? பெங்களூர்ல தெருவெல்லாம் லைட்டு எரியுமே சார். நம்ம பக்கம் மார்கழியில முந்திரித் தோப்பு ரோட்ல போறவங்கதான் அது கேப்பாங்க.

வைத்திலிங்கம்: அங்கயும் பனி பெய்யும்ப்பா. குளிர்ற ஊரு.

ஆதிலட்சுமி: ஆமா, குளிர்ற ஊரு. போடு போடு.

வேணு: சரி… ரெண்டு ஃபாக் லைட்டு.

வைத்திலிங்கம்: அப்புறம் சைடு ஸ்டாண்டுக்கு அடியில ஒரு தகடு வப்பாங்களே? அகலமா, மண்ணுல பொதையாம?

வேணு: இருக்குது. ஆனா… பெங்களூர்ல அப்பார்ட்மெண்டுதான சார்? கீழ சிமெண்ட் தரை இல்ல?

வைத்திலிங்கம்: சிமெண்ட்டும் இப்பல்லாம் தரம் இல்லப்பா.

வேணு: ஸ்டாண்டு பொதையற அளவுக்கா?

ஆதிலட்சுமி: அவரு கேக்கறத குடேன்ப்பா. எனக்கு ஒரு கேரியர் வேணும், பின்னால. நல்ல இரும்பு. ஒரு பெரிய பலாப்பழம் வச்சா தாங்கணும்.

வைத்திலிங்கம்: பலாப்பழமா? பெங்களூர்ல பலாப்பழத்தத் தூக்கிகினு எங்க போவ?

ஆதிலட்சுமி: பேரனுக்குத்தான்.

வைத்திலிங்கம்: அவன் வூட்லயே இல்ல இருப்பான்…

ஆதிலட்சுமி: கடையிலேர்ந்து வூட்டுக்கு எடுத்தாரணும் இல்ல? நீங்க சிமெண்ட்டு தரம் இல்லன்னு சொல்றப்ப நான் ஏதாவது கேட்டேனா?

வைத்திலிங்கம்: …கேக்கல.

ஆதிலட்சுமி: அப்ப வுடுங்க.

வேணு: எனக்கு ஒண்ணும் புரியலைங்க. கிராமத்துக்குப் போற வண்டிக்கு மாட்டற சாமானா பாத்துப் பாத்துக் கேக்கறீங்க. ஊரு மட்டும் பெங்களூருங்கறீங்க.

ஆதிலட்சுமி: பேச்ச மாத்தாத. பெட்டி காட்டு. ரெண்டு பக்கமும் தொங்குமே.

வேணு: இதோ. மழையில நனையாது, பூட்டு இருக்குது. துணிமணி, டிபன், தண்ணி பாட்டில் எல்லாம் அடங்கும்.

ஆதிலட்சுமி: ஏங்க, உங்க ஃபோன் அடிக்குது.

வைத்திலிங்கம்: பிரவினு! இவன் ஏன் இப்ப… ஹலோ, சொல்லுப்பா… ஆங், நல்லா இருக்கோம்… அம்மாவா? இதோ பக்கத்துலதான்… கடையிலப்பா… பெட்டி வாங்க வந்தோம்… ஆமா, பெட்டி… ரெண்டு… பெருசுதான், துணியெல்லாம் வைக்கலாம்… பூட்டு இருக்குது…

ஆதிலட்சுமி: தம்பி, அந்த ஹாரன அமுக்கிக் காட்டேன்.

வேணு: இப்பவாம்மா?

ஆதிலட்சுமி: இப்பதான்.

வைத்திலிங்கம்: ஐயோ… அது பஸ்ஸுப்பா… இல்லப்பா, நான் கடைக்குள்ளதான் இருக்கேன், பஸ்ஸு வெளிய… மறுபடியுமா? இது வேற பஸ்ஸு… பேக்கிங் ஆளுங்களா? சொல்லிட்டேன், வந்துடுவாங்க… ஆமாப்பா, அங்க வர்றதுக்குத்தான் துடிச்சுகினு இருக்கோம்… என்னாடா சத்தம்? சிரிக்கிறியா?… இருமலா? வெந்நி குடி… சரி, வச்சிடறேன்.

ஆதிலட்சுமி: என்னா சொல்றான்?

வைத்திலிங்கம்: இருமல் போல. சளி புடிச்சிருக்குது.

வேணு: சார், பையனுக்கு வண்டி வாங்கினதே தெரியாதா?

வைத்திலிங்கம்: சொன்னா குதிப்பான்ப்பா. 'இந்த வயசுல அம்மாவுக்கு பைக்கா'ன்னு. மெதுவா சொல்லிக்கலாம்.

ஆதிலட்சுமி: பொய் சொல்லி உங்க காது ரெண்டும் எப்படிச் செவந்து கெடக்குது பாருங்க… தம்பி, நான் வெளிய போயி வண்டியில ஒக்காந்து கண்ணாடி ரெண்டையும் என் உசரத்துக்குத் திருப்பி வச்சிகினு வர்றேன். நீ ஹேண்டில்பாருக்கு கிரிப்பு எடுத்து வையி. மெத்துன்னு இருக்கணும்.

வேணு: சரிம்மா… போயிட்டாங்க. சார், இப்ப சொல்லுங்க. தகடு எதுக்கு?

வைத்திலிங்கம்: எந்தத் தகடு?

வேணு: சார்…

வைத்திலிங்கம்: மெதுவா பேசு. வெளிய கேக்கும்… நான் முத்தாண்டிக்குப்பத்துல ஒரு வூடு பேசியிருக்கேன்.

வேணு: எங்க ஊரா? எந்தத் தெரு?

வைத்திலிங்கம்: கோடியில, முந்திரித் தோப்பு ஆரம்பிக்கற எடம். ஓட்டு வூடு. முன்னால மண்ணு வாசல். கொல்லையில ரெண்டு பலா மரம். நாகம்மாள்னு ஒரு அம்மாவோடது.

வேணு: நாகம்மா அத்தை வூடா? அது யாருக்கும் வாடகைக்கே வுடாதே சார்! நாங்க எத்தனை பேரு கேட்டிருக்கோம் தெரியுமா…

வைத்திலிங்கம்: என் நல்ல நேரம்ப்பா. ஷிப்ட் முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கறப்ப அந்தம்மாவே வந்து பேச்சுக் குடுத்தாங்க. 'ரிடையர் ஆனா எங்க இருப்பீங்க, எங்க வூடு காலியாத்தான் கெடக்குது'ன்னு. போயிப் பாத்தேன். பாத்தவுடனே மனசு வுழுந்துடுச்சு.

வேணு: அம்மாவுக்குத் தெரியுமா?

வைத்திலிங்கம்: தெரியாது. எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலப்பா.

வேணு: அம்மாவுக்கு பெங்களூர் போவணும்னு…

வைத்திலிங்கம்: ஆசைதான். பையன் கூப்புட்டப்ப ஃபோன்ல 'வந்துடறோம்ப்பா'ன்னா பாரு, குரல்ல அப்படி ஒரு சந்தோஷம். அந்தக் குரலக் கேட்டுட்டு எப்படி வேணாங்கறது? ஆனா போன தடவ அங்க போயிருந்தோம். பையனும் சரி, மருமக சண்முகப்பிரியாவும் சரி, தங்கமான புள்ளைங்க. ஒரு கொறை சொல்ல முடியாது. ஆனா இவ… பகல் பூரா பேரனோட ஆட்டம் பாட்டமா இருப்பா. சாயங்காலம் ஆனா பால்கனியில போயி நின்னுக்குவா. கீழ போற வண்டிங்களையே பாத்துகினு. ஒரு நாளு கேட்டேன், 'என்னா பாக்கற'ன்னு. 'எல்லாரும் எங்கியோ போயிகினு இருக்காங்க'ன்னு சொன்னா.

வேணு: அம்மாவா அப்படிச் சொன்னாங்க?

வைத்திலிங்கம்: எனக்கு அன்னைக்குத் தூக்கம் வரல. காலம் பூரா என்னையும் ஏத்திகினு போனவ அவ. அவ நிக்கக்கூடாதுப்பா.

வேணு: சொல்லிடுங்க சார். இப்பவே சொல்லிடுங்க.

வைத்திலிங்கம்: கத்துவா.

வேணு: கத்தட்டும். கடையில வேற ஆளே இல்ல… சார், வர்றாங்க.

ஆதிலட்சுமி: கண்ணாடி சூப்பரா இருக்குது. பின்னால வர்ற உலகமே தெரியுது… என்னா ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?

வைத்திலிங்கம்: ஆதி… ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கக் கூடாது.

ஆதிலட்சுமி: செவப்பு சீட் கவரா?

வைத்திலிங்கம்: இல்ல. நான் ஒரு வூடு புடிச்சிட்டேன்.

ஆதிலட்சுமி: …என்னாது?

வைத்திலிங்கம்: முத்தாண்டிக்குப்பத்துல. உன்னக் கேக்காம. தப்புதான். வண்டியில சுத்திப் பாக்கப் போற மாதிரி போயி, திருப்பம் வந்தவுடனே 'சும்மா உள்ள வுடு ஆதி'ன்னு சொல்லலாம்னு இருந்தேன். இன்டர்காம் கேட்டதே அதுக்குத்தான்.

ஆதிலட்சுமி: அப்ப பேரன்? பெங்களூரு? பையன்கிட்ட 'துடிச்சுகினு இருக்கோம்'னு இப்பதான சொன்னீங்க?

வைத்திலிங்கம்: பொய்தான். வேற என்னா சொல்றதுன்னு தெரியல.

ஆதிலட்சுமி: சாவி வாங்கிட்டீங்களா?

வைத்திலிங்கம்: சட்டைப் பையில இருக்குது… ஆதி, நீ பெங்களூருக்குத்தான் போவணும்னா போவலாம். மனசார சொல்றேன். பால்கனியில உன் பக்கத்துல நானும் நின்னுக்கறேன். அந்தம்மாகிட்ட வூடு வேணாம்னு சொல்லிடறேன்.

ஆதிலட்சுமி: போயிச் சொல்லுங்க, நாகம்மா உங்களத் தொடப்பத்தாலயே அடிப்பா.

வைத்திலிங்கம்: நாகம்மாளா… நான் இன்னும் பேரே சொல்லலியே!

வேணு: அம்மா!

ஆதிலட்சுமி: அவளும் நானும் குறிஞ்சிப்பாடி ஸ்கூல்ல ஒரே பெஞ்சு. 'எங்க வூட்டுக்காரரு பஸ்ஸுக்கு நிப்பாரு, தானா பேசற மாதிரி போயிப் பேசு, என் பேர மட்டும் எடுத்துடாத'ன்னு அனுப்பிச்சதே நான்தாங்க.

வைத்திலிங்கம்: நீயா? அப்ப ஃபோன்ல அவ்ளோ சந்தோஷமா 'வந்துடறோம்ப்பா'ன்னியே?

ஆதிலட்சுமி: நீங்க பக்கத்துல நின்னீங்க. பேரன வுட்டுட்டு உங்களால இருக்க முடியாதுன்னு நெனச்சேன். வேணாம்னு சொன்னா உங்க மொகம் சுருங்கிடுமோன்னு. நேரா கேட்டாலும் 'உன் இஷ்டம்'னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவீங்க. அதான், வூட்டக் கண்ணுல காட்டி வைப்போம், அவருக்கா புடிச்சுதுன்னா எடுக்கட்டும், இல்லன்னா பெங்களூருக்குப் பெட்டி கட்டுவோம்னு இருந்தேன். இத்தன நாளா சட்டைப் பையத் தடவித் தடவிப் பாத்துகினு வாயத் தெறக்காம இருந்தீங்களே… எனக்கு எப்படி இருந்திருக்கும்!

வேணு: சார், ஒக்காருங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க.

வைத்திலிங்கம்: இரு… இருப்பா. அப்ப பிரவினு? அவன்கிட்ட யாரு சொல்றது? டிக்கெட்டெல்லாம் போட்டு வச்சுகினு காத்துகினு இருக்கான் புள்ள…

ஆதிலட்சுமி: டிக்கெட்டெல்லாம் போன வாரமே கேன்சல் பண்ணிட்டான். மொதல்ல ஒரு நாளு பேசாம இருந்தான். அப்புறம் அவனே கூப்புட்டு, 'ஒவ்வொரு லீவுக்கும் குட்டியக் கூட்டிகினு வந்துடறேம்மா, புது வண்டியில மொத ரவுண்டு அவனுக்குத்தான்'னு சொல்லிட்டான். இப்ப ஃபோன் பண்ணி உங்க வாயக் கிளறச் சொன்னதும் நான்தான்… இதோ, மெசேஜ் அனுப்பியிருக்கான் பாருங்க. 'அப்பா நல்லா பொய் சொல்றாரும்மா, என்னால சிரிப்ப அடக்க முடியல.'